நோட்டின் பின்பக்கத்தில் அம்மா

கேள்வி: அம்மா காலமாகி வரும் ஆடியோடு ஓராண்டு ஆகிறது. குடவாசல் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அம்மா 1970இல் உள்ளூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து 2007இல் ஓய்வு பெற்றார். அப்பாவுக்கு ஒரு வேலி (ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல்) நிலம். நினைவு நாளுக்குச் சின்னதாக ஒரு மலர் போட நினைக்கிறோம். அண்ணன் எழுதித் தந்ததில் ‘குடும்ப விளக்கு, தியாகச் சுடர், பொறுமையின் சிகரம்’ என்று இரண்டு பக்கம் இருக்கிறது. படித்தால் அம்மா முகமே கண்ணுக்குள் வரவில்லை. அக்காவோ, ‘ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் அம்மா. நமக்குத் திட்டும் அடியும்தான். பொய் எழுதாதீங்க’ என்கிறாள். அப்பாவுக்கு 82 வயது. ‘டீச்சர்னு போடு, சரி. விவசாயம் நான்தானே பார்த்தேன்’ என்கிறார். இதற்கிடையில் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியில் 14 நோட்டுகள் கிடைத்தன. முன்பக்கம் பாடக்குறிப்பு. தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து வயல் கணக்கு. அதில் ஓரிடத்தில், ‘வளையல் 2 அடகு. உரத்துக்கு. இவங்களுக்குச் சொல்லலை’ என்று இருக்கிறது. பின்பக்கத்தில் எங்கும் தேதி இல்லை. இதையெல்லாம் போடலாமா? என்னதான் எழுதுவது?
— கடைக்குட்டி மகள், திருச்சி

பதில்: அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிய இரண்டு பக்கத்தை இப்போதைக்கு அச்சகத்துக்கு அனுப்ப வேண்டாம். கிழித்தும் போட வேண்டாம். அவருக்கு அழுவதற்கு அந்தச் சொற்கள்தான் கையில் கிடைத்தன. பேனர் அடிக்கிற கடையில் அவற்றை ஏற்கெனவே தட்டி வைத்திருப்பார்கள். பெயரும் படமும்தான் மாறும்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவள்தான். என் பெரியம்மா இறந்தபோது மூன்று பக்கம் உருகி உருகி எழுதினேன். நாற்பது வருஷம் அவரோடு ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட பக்கத்து வீட்டு ஆச்சி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “நல்லாயிருக்கு. யாரைப் பத்தி?” என்றார். பெரியம்மா மோரில் கறிவேப்பிலையைக் காம்போடு கிள்ளிப்போடுவார். யாராவது காம்பைக் கடித்து முகம் சுளித்தால் அப்படிச் சிரிப்பார். அந்த மூன்று பக்கத்தில் மோரும் இல்லை, காம்பும் இல்லை.

உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 14 நோட்டு இருக்கிறது! எத்தனை குடும்பத்தில் அம்மா கைப்பட எழுதியது ஒரு மளிகைச் சீட்டாவது மிஞ்சுகிறது, சொல்லுங்கள்.

தேதி இல்லை என்கிறீர்கள். திருப்பிப் பாருங்கள். பாடக்குறிப்பு எழுதுகிற ஆசிரியர் அதைத் தலைமை ஆசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். கையெழுத்துக்குக் கீழே தேதி இருக்கும். ஒரு நோட்டின் முன்பக்கம் எந்த வருஷமோ, பின்பக்கமும் பெரும்பாலும் அந்த வருஷத்தையோ அடுத்ததையோ ஒட்டித்தான் இருக்கும். தேதி மங்கிப்போயிருந்தால் இன்னொரு வழி உண்டு. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போட்டது. மொத்தம் 13 எழுத்துகள் மாறின. லை, ளை, ணை, னை எல்லாம் அதுவரை யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்த ஒரு கொம்போடு இருந்தன. ணா, றா, னா மூன்றும் காலைத் தனியாக ஊன்றாமல் கீழே சுழித்துக்கொண்டு இருந்தன. உங்கள் அம்மா எட்டு வருஷம் பழைய எழுத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்புறம் ஒரு நாள் கரும்பலகையில் கையை மாற்றிக்கொள்ள வேண்டி வந்திருக்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஆசிரியர்கள் பலர் பள்ளிக்கூடத்தில் புதிய ‘லை’ போட்டார்கள். வீட்டுக் கணக்கிலும் கடிதத்திலும் பழைய கொம்பை விடவில்லை. 1978க்குப் பிந்திய நோட்டு ஒன்றை எடுத்து முன்பக்கத்து ‘லை’யையும் பின்பக்கத்து ‘களை’, ‘தலை’, ‘உலை’யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறு வேறாக இருந்தால், உத்தியோகத்துக்கு ஒரு கையும் தனக்கென்று ஒரு கையும் அவர் வைத்திருந்தார் என்று அர்த்தம். ‘பொறுமையின் சிகரம்’ என்பதைவிட எனக்கு அந்த ஒரு ‘லை’ போதும்.

அப்பா சொல்வதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்ததைச் சொல்கிறார். ஆனால் அம்மாவின் ஒரு ஜூன் மாதத்தை அவரோடு உட்கார்ந்து நாள் நாளாக நினைத்துப் பாருங்கள். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும். தண்ணீர் இருந்த வருஷங்களில் ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு. பள்ளியில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை, வயலில் குறுவை நாற்றங்கால், இரண்டும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். விதை நெல்லை ஒரு நாள் ஊறப்போட வேண்டும். தண்ணீரை வடித்துச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோலைப் போட்டு இன்னொரு நாள் மூட்டம் வைக்க வேண்டும். சாக்குக்குள் கைவிட்டுச் சூடு பார்க்கிற வேலையை உங்கள் வீட்டில் யார் செய்தது? எனக்குத் தெரிந்த தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் அது பெண்கள் கைதான். சாக்கில் விட்ட கையைத் துடைத்துக்கொண்டுதான் ஒன்பதரை மணிக்கு அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்திருப்பார்.

வருஷம் முழுக்க இப்படித்தான். குறுவை அறுப்பும் காலாண்டுத் தேர்வும் ஒன்றாக வரும். குறுவை அறுத்த வயலில் அடுத்துப் போடுகிற தாளடியின் நடவு ஐப்பசி மழையில், பள்ளிக் கூரை ஒழுகுகிற அதே நாட்களில். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கிற கதிருக்குள்ளேயே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். அது பிஞ்சு விட்டு நெற்று ஆகும்போது முழுப் பரீட்சை. பின்பக்கத்துக் கணக்கை இந்த வரிசையில் அடுக்கினால், எந்த மாதத்தில் அவர் கையெழுத்து கோணிப் போயிருக்கிறது என்றுகூடத் தெரியும். ‘ஆடுதுறை 36’ என்று விதைப் பெயர் எங்காவது இருந்தால் அது எண்பதுகளிலோ அதற்கு அப்புறமோ எழுதியது. அந்த ரகம் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்தது.

உழுததும் தண்ணீர் மாற்றியதும் அப்பா. சரி. ஆள் கூலி எழுதியது யார்? நாற்று முடி (நாற்றுக் கட்டு) எண்ணியது யார்? சம்பளத்தில் உரம் வாங்கியது யார்? பிறகு ஏன் ‘விவசாயி’ என்ற சொல் ஒருவருக்கு மட்டும்? பட்டா அப்பா பெயரில் இருக்கிறது, அதனால்தான். உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல இது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, நிலம் பெயரில் இல்லாவிட்டாலும் விவசாயம் செய்கிற பெண்ணை விவசாயி என்று ஏற்றுச் சான்று தர வேண்டும் என மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. இந்த 2026ஐ ஐக்கிய நாடுகள் சபை பெண் விவசாயிகளுக்கான ஆண்டாக அறிவித்திருக்கிறது. உங்கள் மலரும் இந்த வருஷம்தான் வருகிறது. ‘ஆசிரியை, விவசாயி’ என்று இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். அப்பா முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள்தான். உங்கள் அம்மா பணியில் இருந்த காலத்தில் 1971, 1981, 1991, 2001 என்று நான்கு முறை கணக்கெடுத்தார்கள். அதில் ஒன்றிலாவது அவர் பெரிய தாளை மடியில் வைத்துக்கொண்டு, “என்ன வேலை பார்க்கிறீங்க?” என்று பெண்களைக் கேட்டிருப்பார். முழங்கால் வரை சேறோடு நிற்கிறவள், “சும்மாதான் இருக்கேன், வீட்டைப் பார்த்துக்கிட்டு” என்று சொல்லியிருப்பாள். 1981இல் வருஷத்துக்கு 183 நாள் என்று ஒரு கோடு கிழித்தார்கள். அதற்குக் குறைவாக வேலை செய்தவர்களுக்குத் தனிக் கட்டம். சேற்றுக்காரி சொன்னதை உங்கள் அம்மா எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பார்? பழைய சக ஆசிரியர் யாராவது இருந்தால் இதைக் கேளுங்கள். கணக்கெடுப்பு நாட்களைப் பற்றிக் கதை சொல்லாத ஆசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இனி வளையல். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த மூன்று துண்டு வாக்கியம்தான். ‘இவங்களுக்குச் சொல்லலை’ என்பதை ஏன் எழுதி வைத்தார்? மறைக்க நினைக்கிறவர் எழுத மாட்டார். யாராவது ஒருவருக்குச் சொல்ல வேண்டும் போலிருந்து, நோட்டிடம் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை அச்சில் பார்த்து அப்பா தெரிந்துகொள்ளும்படி செய்துவிடாதீர்கள். அது பாவம். அண்ணன், அக்கா இல்லாத ஒரு பிற்பகலில், அவர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு, நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். “உங்களுக்குத் தெரியுமா?” என்று ஆரம்பித்தால் அது விசாரணை. “இந்தக் கணக்கு எனக்குப் புரியலப்பா, கொஞ்சம் சொல்லுங்க” என்று முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அவரே படிக்கட்டும். நிலத்துக்கு மா கணக்கும் நெல்லுக்கு மரக்கால் கணக்கும் உங்களுக்கு உண்மையிலேயே புரியாது, அவருக்குத்தான் தெரியும். அந்த வரி வரும்போது அது அவர் வாயிலிருந்தே வரும். பாதி வீடுகளில் இப்படிப்பட்ட ரகசியம் புருஷனுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கும். வெறும் கையைப் பார்த்திருப்பார். கேட்டால் தன் மானம் போகும் என்று கேட்காமல் இருந்திருப்பார். அப்படியானால் இரண்டு பேருமே நாற்பது வருஷமாக ஒருவருக்கொருவர் சொல்லாத ஒன்று அது. அவர் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள். உயிரோடு இருப்பவரின் மனசு பெரிது. ஆனால் ஒரு நிபந்தனை: அதை விட்டுவிட்டு, ‘அப்பாவின் உழைப்பால் அந்தப் பஞ்சத்தைக் கடந்தோம்’ என்று எழுதக் கூடாது. சொல்லாமல் விடலாம். மாற்றிச் சொல்ல வேண்டாம்.

அக்கா கோபத்தில் நியாயம் இருக்கிறது. அம்மா வேலை பார்த்த பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு ஒரு தனித் துக்கம் உண்டு. காலை ஒன்பதரையிலிருந்து நாலு மணி வரை அவர் ‘டீச்சர்’. அம்மா என்று கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும். மற்ற பிள்ளைக்கு ஒரு அடி என்றால், பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே தன் பிள்ளைக்கு இரண்டு. நாலு மணிக்குப் பிறகு அம்மா திரும்பக் கிடைப்பார் என்று பார்த்தால், களத்துமேட்டில் நெல் கிடக்கும், மழை இருட்டிக்கொண்டு வரும். அக்காவை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், அவள் பெயரிலேயே, யாரும் கைவைக்காமல். ‘டீச்சர்’ என்று கூப்பிட்ட நாட்களைப் பற்றி மட்டும் எழுதட்டும். மலரில் அம்மாவுக்கு மிக நெருக்கமான பக்கம் அதுவாகத்தான் இருக்கும் என்று என் மனசு சொல்கிறது.

குடும்பத்துக்கு வெளியே யாரிடம் கேட்பது? பெரிய உத்தியோகத்தில் இருக்கிற பழைய மாணவரிடம் வாழ்த்துரை வாங்கிப் போடுவது வழக்கம். ஒன்று போதும். அதற்குப் பதில் பள்ளிக்குப் போய், தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டுப் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்த காலம். பிறந்த தேதி வீட்டில் யாருக்கும் தெரியாது. டீச்சர் ஒரு தேதி போடுவார், பெரும்பாலும் ஜூனுக்குள் ஐந்து முடிகிற மாதிரி. ஊரில் அறுபது வயதுக்காரர்கள் பலருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் வருவதன் ரகசியம் அதுதான். ஆதார் அட்டையிலும் பென்ஷன் தாளிலும் இன்றைக்கும் உங்கள் அம்மா கொடுத்த பிறந்தநாளோடு நடமாடுகிறவர்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர்! அவர்களில் இரண்டு பேரைப் பிடித்தால் ஒரு பக்கம் நிறைந்துவிடும். மதிய உணவையும் கேளுங்கள். காமராஜர் காலத்தில் 1956இல் அது தொடங்கியபோது உங்கள் அம்மா தட்டேந்தும் வயதுப் பிள்ளை. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு வந்தபோது கரண்டிக்கு இந்தப் பக்கம் நின்றவர். வரிசையில் கடைசிப் பிள்ளைக்குச் சோறு காணாமல் போகிற நாளில் அவர் என்ன செய்தார் என்பது அங்கே சமைத்த அம்மாளுக்குத் தெரியும்.

அடுத்து நான் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமானது. நடவுக்கு வந்த பெண்களிடம் போய்க் கேளுங்கள். வயலில் அவர்களுக்கு உங்கள் அம்மா முதலாளி வீட்டம்மா. வகுப்பில் அவர்கள் பிள்ளைகளுக்கு டீச்சர். நடவு நாளில் தாய் விடியற்காலையே வயலில் இறங்க வேண்டும். கைக்குழந்தையை யார் பார்ப்பது? மூத்த பெண். அந்தப் பெண் மூன்றாம் வகுப்பில் அன்றைக்கு வரவில்லை. நடவாள் வேண்டும் என்று காலையில் கூப்பிட்டு அனுப்பியவரே, பத்து மணிக்குப் பதிவேட்டில் அந்தப் பிள்ளைக்கு ‘வ.இ.’ (வருகை இல்லை) போட்டிருப்பார். இது அவரைக் குடைந்ததா? ஏதாவது செய்தாரா? குழந்தையையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வா என்றாரா? இல்லை, கண்டுகொள்ளாமலே இருந்தாரா? பின்பக்கத்தில் ‘ஆள் 22’ என்று இருக்கிற ஒரு நாளுக்கு நேரான பதிவேட்டுப் பக்கம் பள்ளியில் இன்னும் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காபி எந்தத் தம்ளரில் கொடுத்தார் என்றும் கேளுங்கள். பதில் பிடிக்காமல் போகலாம். அந்தப் பெண்கள் நல்லதாக ஒன்று சொன்னால், அது மற்ற எல்லா வாழ்த்துரையையும்விட எடை கூடியது. அவர்கள் எழுதித் தர மாட்டார்கள். போனில் பதிவு செய்து, அவர்கள் பேசுகிற மாதிரியே போடுங்கள். திருத்தாதீர்கள்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. அவருடைய பணிப் பதிவேட்டின் நகல் வீட்டில் இருந்தால் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போடலாம். ஒரே ஊரில் இருந்துகொண்டே தஞ்சாவூர், 1991இல் நாகப்பட்டினம், 1997இல் திருவாரூர் என்று மூன்று மாவட்டத்தில் வேலை பார்த்தவர் அவர். புகைப்படம் என்றால் ஓய்வு பெற்ற நாளில் மாலையோடு எடுத்ததைத்தான் எல்லோரும் நீட்டுவார்கள். வயலில் நிற்கிற படம் இருக்காது. அந்த நாளில் அவரை வயலில் யார் படம் எடுத்தார்கள்? இல்லாவிட்டால் போகட்டும், விதை மூட்டை கட்டிய சாக்கு இருந்தால் அதைப் படம் பிடியுங்கள். 32 பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பத்துப் பிரதி பள்ளிக்கு.

அண்ணன் எழுதியதிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள், அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி. அதற்குக் கீழே, ஏன் அந்த வரி என்று ஒரு சம்பவம் எழுதச் சொல்லுங்கள். ‘பொறுமை’ என்று அவர் எழுதியிருந்தால் ஏதோ ஒரு நாள் அவர் மனசில் இருக்கிறது. அந்த நாளைச் சொல்லிவிட்டால் சிகரமும் சுடரும் தானாக உதிர்ந்துவிடும்.

மலரை எப்படிக் கட்டுவது என்பதற்கு அம்மாவே வழி காட்டி வைத்திருக்கிறார். முன்னட்டையிலிருந்து திறந்தால் பள்ளிக்கூடம்: பாடக்குறிப்பு, பதிவேடு, பிறந்தநாள் வாங்கிய பிள்ளைகள், அக்காவின் பக்கம். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னட்டையிலிருந்து திறந்தால் வயல்: நாற்றங்கால், ஆள் கணக்கு, நடவுப் பெண்களின் பேச்சு, அப்பா விளக்கிச் சொன்ன பக்கங்கள். நடுவில் இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில் அவர் கையெழுத்தில் ஒரு தாளை அப்படியே ஸ்கேன் செய்து போடுங்கள். அச்சகத்திலிருந்து கட்டாயம் போன் வரும், “மேடம், பாதிப் பக்கம் தலைகீழா இருக்கு, திருப்பிடவா?” என்று. வேண்டாம், அது அப்படித்தான் என்று சொல்லிவிடுங்கள்.